ஜப்பான் வாளின் மூங்கில் ஆணி

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஜப்பான் கத்தி இல்லாத ஊரே இல்லை. பட்டாளத்திலிருந்து திரும்பியவன் ஒவ்வொருவனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கப்பல் ஏறியவன் கொண்டுவந்தால் சரி, விட்டுவிடலாம். பெங்களூர் முகாமில் மூன்று வருஷம் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்த சமையல்காரன் ஒருவனும் கொண்டுவந்தான். ஜப்பான் தளபதியைத் தான் மடக்கிப் பிடித்த கதையை அவன் அன்னவாசல் சந்தையில் கையையும் காலையும் ஆட்டிச் சொல்ல, சந்தையே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் அதை மறந்துவிட்டு நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருமயம் பக்கத்தில், கடல் கடந்து போய்க் கொண்டுவிற்கிற ஒரு பெரிய வீட்டு முதலாளி பர்மாவிலிருந்து ஒரு வாளை வரவழைத்திருந்தார். கூடத்தில் யானைத் தந்தத்துக்கும் நிலைக்கண்ணாடிக்கும் நடுவே அதை மாட்டுவதற்காக, தச்சனைக் கூப்பிட்டு அலகிலேயே ஓட்டை போடச் சொல்லியிருக்கிறார். நாலு துளையூசி உடைந்ததாம். "எவ்வளவு கெட்டி பாத்தீங்களா!" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். இன்னொரு வீட்டில் பலாப்பழம் பிளப்பதற்கு ஜப்பான் வாள். அலகில் எண்ணெய் தடவி, பழத்தைக் காலுக்கு நடுவில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவார்கள். நல்ல வேளை, அது போலி. அந்த வீட்டுக்கும் பலாப்பழத்துக்கும் அது போதும்.

இதையெல்லாம் எந்த யோக்கியதையில் சொல்கிறேன் என்று கேட்கலாம். மலேயாவில் பட்டாளத்தின் ஆயுதக் கிடங்கில் நான் ஸ்டோர் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் சரணடைந்தபோது அவர்கள் ஒப்படைத்த வாள்கள் விறகுக் கட்டு மாதிரி லாரி லாரியாக எங்களிடம்தான் வந்து இறங்கின. அவற்றைப் பிரித்து அடுக்குவதற்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த ஒரு ஜப்பான் கைதியை எனக்கு உதவியாக விட்டிருந்தார்கள். ஐந்து மாதம் இருவரும் வேறு வேலை பார்க்கவில்லை. வாளை எடுப்பது, கைப்பிடியைக் கழற்றுவது, பார்ப்பது, குவியலில் போடுவது. அவ்வளவுதான்.

முற்காலத்தில் அவர்கள் குதிரை மேலிருந்து வெட்டுவதற்காக நீளமாகவும் நன்றாக வளைத்தும் அடித்திருக்கிறார்கள். அது வெட்டுப்பக்கம் கீழே பார்க்க இடுப்பில் தொங்கும். பிறகு தரையில் நின்று சண்டை போடுகிற காலம் வந்ததும் சற்றுக் குட்டையாக்கி, வெட்டுப்பக்கம் மேலே பார்க்க இடுப்புத் துணியில் செருகிக்கொண்டார்கள். உருவுகிற வீச்சிலேயே வெட்டிவிடலாம். கட்டானா என்பது அதுதான். அப்புறம் வெள்ளைக்காரனைப் பார்த்து ஆசைப்பட்டு, விரலை மறைக்கிற வளையம் வைத்த சீமைக் கைப்பிடியைக் கொஞ்ச காலம் மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் சலித்துப்போய் இந்த யுத்தத்துக்கு முன்னால் பழைய மாதிரிக்கே திரும்பிவிட்டார்கள். அதிகாரிகளுக்குத் திருக்கை மீன் தோலின் மேல் நாடா சுற்றிய கைப்பிடி, கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள காப்புத் தட்டில் பூ வேலை. ஹவில்தார் மாதிரியான ஆட்களுக்கு, நாடா சுற்றியதுபோலவே உலோகத்தில் வார்த்து வர்ணம் பூசிய கைப்பிடி, அலகில் நம்பர். எங்கள் ஊர் வீரர்களில் இரண்டு பேர் அந்த நம்பரைக் காட்டித்தான் அது ராஜவம்சத்து வாள் என்று நிரூபித்தார்கள்.

அசல் பழைய வாளும் அபூர்வமாக வரும். பாட்டன் பூட்டன் வாளை வீட்டில் வைத்திருந்தவன், அதையே பட்டாள உறையில் போட்டு யுத்தத்துக்குக் கொண்டுவந்திருப்பான். வெளியே பார்த்தால் மற்றதைப் போலவே இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. இரும்பை மடித்து மடித்து அடித்ததால் அலகில் மரத்து ரேகை போல ஓடும். வெட்டுப்பக்கம் நெடுகப் பனி படர்ந்ததுபோல் ஒரு கோடு தெரியும். கைப்பிடியைக் குறுக்கே துளைத்து ஒரே ஒரு சின்ன மூங்கில் ஆணிதான் பிடித்திருக்கும். அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி உருவிக்கொண்டு வந்துவிடும். உள்ளே மறைந்திருக்கிற காம்பில் செய்தவன் பேரை வெட்டியிருப்பான். அந்தக் காம்பைத் தலைமுறை தலைமுறையாக யாரும் துடைப்பதே இல்லை. அதில் ஏறுகிற கருந்துருதான் வாளின் வயசு. அந்தக் கைதி அப்படி ஒரு வாள் வந்தால் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் குவியலில் போடுவார்.

போலிகளும் அங்கேயே பிறந்தன. ஊருக்குப் போகிற சிப்பாய்களுக்கு ஞாபகார்த்தம் வேண்டுமே. லாரியின் ஸ்பிரிங் பட்டையை எடுத்து வளைத்து, திராவகத்தால் அந்தப் பனிக்கோட்டை வரைந்து, டப்பாவில் பார்த்த ஜப்பான் எழுத்தைக் காம்பில் கொத்தி விற்றுவிடுவார்கள். கொத்துகிறவனுக்கு அந்த எழுத்து தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. தலைகீழாகக் கொத்தியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அதன் காம்பு மட்டும் பளபளவென்று இருக்கும், நேற்றுப் பிறந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

நான் வாள் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு கம்பளியும் தகரப் பெட்டியும் கொண்டுவந்தேன், பெட்டிக்குள் ஒரு பித்தளைத் துளையாணி. மூங்கில் ஆணியைத் தட்டுவதற்காகக் கிடங்கில் வைத்திருந்தது. ஊருக்கு வந்த பிறகு அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன். எங்கே ஜப்பான் கத்தி என்று கேள்விப்பட்டாலும் போவேன். உடையவன் கதை சொல்லி முடிக்கிறவரைக்கும் மரியாதையாகக் கேட்பேன். பிறகு ஆணியைத் தட்டிக் கைப்பிடியை உருவி, கூடியிருக்கிறவர்கள் முன்னால் காம்பைக் காட்டுவேன். அந்தச் சமையல்காரனுக்குச் சந்தையிலேயே மூக்கறுபட்டது. பதினொரு கத்தி பார்த்தேன், பதினொன்றும் குப்பை. ஒவ்வொருவன் மானத்தையும் வாங்குவதில் எனக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. இன்றைக்கு யோசித்தால், அந்தக் கைதியிடமிருந்து நான் வாளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. வாளை வைத்திருக்கிறவனை ஏளனம் செய்ய மட்டும் நானாகவே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அய்யா யுத்தத்துக்கு நடுவிலேயே போய்விட்டார். அன்னவாசலுக்குப் பக்கத்து ஊரில் ஆத்தாவும் தங்கச்சியும் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீரனூரில் பஸ் கொட்டகையில் வேலை. அப்போதெல்லாம் பஸ் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடும். வாரம் ஒருமுறை கரி அப்பிய முகத்தோடு வீட்டுக்கு வருவேன். தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயசு. அந்தக் காலத்தில் அது ஊர் வாய்க்கு அவல். நான் பட்டாளத்திலிருந்து வரட்டும் என்று அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் ஆத்தா தள்ளிப்போட்டிருந்தாள். ஆகவே அவள் கல்யாணம் என் பொறுப்பு, சரி என்பதும் வேண்டாம் என்பதும் என் வாயில்தான் இருந்தன.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், அதுவும் மலேயாவில். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். பெண் பார்த்துவிட்டுப் போகிற சமயத்தில், ராட்டைத் துணியில் சுற்றிய நீளமான ஒன்றை வண்டியிலிருந்து எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். பிரிக்காமலே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. இவனுமா என்று நினைத்தேன்.

"மச்சான், நீங்க இதெல்லாம் நிறையப் பாத்தவங்கன்னு சொன்னாங்க. ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. எங்க வீட்டுல ஆளாளுக்குத் தேங்கா ஒடைக்க எடுக்குறாங்க."

"எப்படிக் கெடைச்சுச்சு?"

"கைதிங்களை லாரியில ஏத்திக்கிட்டுப் போனேன். ஒரு வயசான ஆபீசருக்குக் காய்ச்சல். வழியில நிறுத்தித் தண்ணி குடுத்தேன். எறங்குறப்ப இதைக் கையில குடுத்து, பாட்டன் காலத்துதுன்னு சாடை காட்டுனாரு."

ஒரு வாய்த் தண்ணீருக்குப் பாட்டன் வாளா! பதினொரு கதை கேட்டதில் இதுதான் மட்டமான கதை, சண்டைகூட இல்லை. "அங்கிட்டு வைங்க மாப்பிள்ளை, பாக்கலாம்" என்றேன். ஒரு நிமிஷம் செலவழித்துத் துணியைப் பிரித்திருக்கலாம், துளையாணி சட்டைப் பையில்தான் இருந்தது. பிரிக்கவில்லை. பெண் கொடுக்கப்போகிற வீட்டில் இப்போதே மானத்தை வாங்கவேண்டாம் என்று பெருந்தன்மை பாராட்டினேனாம். அவ்வளவு இளக்காரம் எனக்கு.

அவர் அதைச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். தங்கச்சி அதைத் தூக்கிக்கொண்டுபோய் நெல் குதிருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள், ஆத்தா திட்டியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு நான் வீட்டுக்கு வரவில்லை. கொட்டகையில் பஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிற வேலை இருந்தது. ஐப்பசியில் பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டுகளில் வெற்றிலை, பழம், தேங்காய், சேலை எல்லாம் இருந்தன. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளையின் பெரியப்பா சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, "எங்க பய கொண்டாந்த வாளு முந்நூறு வருசத்துப் பழசு. இந்தச் சமஸ்தானத்துலயே அப்படி ஒண்ணு கெடையாது. அரமனையில கேட்டாலும் குடுக்கமாட்டோம்" என்றார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். இவர்களிடம்தான் பதினொரு தடவை காம்பைக் காட்டியிருக்கிறேன், பன்னிரண்டாவது தடவையும் தலையை ஆட்டுகிறார்கள்! எனக்குள் பொங்கியது.

"இருங்க, இப்பப் பாத்துருவோம்" என்று உள்ளே போய் வாளை எடுத்து வந்தேன். உறையின் மேல் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. உருவினேன். அலகு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், பனிக்கோடு மருந்துக்குக்கூட இல்லை. துளையாணிக்கு வேலையே வைக்காமல் மூங்கில் ஆணி விரலுக்கே வந்துவிட்டது. கைப்பிடியை இழுத்தேன். காம்பு வெள்ளிக் கரண்டி மாதிரி பளபளத்தது.

என் வாழ்நாளில் அதைப்போல் ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"முந்நூறு வருசமா? முந்நூறு நாள் ஆயிருந்தா அதிசயம்" என்றேன். "லாரி ஸ்பிரிங் பட்டை. மாப்பிள்ளை ஓட்டுன லாரியிலயே கழட்டுனதோ என்னவோ!"

ஊர்ப் பெரியவர்கள் சிரித்தார்கள். காம்பில் மூன்று நாலு எழுத்து இருந்தது. எழுத்தின் குழிக்குள் மட்டும் கறுப்பாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லிவைக்கிறேன். "பழசாத் தெரியணும்னு எழுத்துல மை தேய்ச்சிருக்காங்க" என்று அதையும் ஊருக்கு எடுத்துச் சொன்னேன்.

மாப்பிள்ளை எழுந்து வந்து வாளைக் கையில் வாங்கினார். காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இப்படி இல்லையே மச்சான். கறுப்பா இருந்துச்சே" என்றார், மெதுவாக.

"ஆமா. எங்க வீட்டுத் தண்ணி பட்டதும் வெளுத்துருச்சு."

மறுபடி சிரிப்பு. அவர் சிரிப்பைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. காப்புத் தட்டின் இடுக்கில் விரலை வைத்து எதையோ தடவி, விரல் நுனியில் ஒட்டிய செம்பொடியைப் பார்த்தார். உறையின் மேலிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தார். பிறகு, பெண்கள் நின்றிருந்த உள்கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பினார். பதில் தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் பொய் சொல்லலை மச்சான்" என்றார். கைப்பிடியைச் செருகி, ஆணியைக் கட்டைவிரலால் அழுத்தி, வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். பெரியப்பா குதித்தார், நான் பதிலுக்குக் குதித்தேன். பொய்க்காரன் வீட்டுக்குப் பெண் கிடையாது என்றேன். தட்டுகள் வந்தபடியே வண்டியில் ஏறின. உள்ளே போய், "பொய்க்காரப் பய. விட்டுத் தள்ளுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் கை கால் கழுவினேன். பெண்களுக்கு வாளைப் பற்றி விளக்கிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தங்கச்சி புதுச் சேலையை மடித்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

தை மாசத்தில் அவருக்குக் கீரனூர்ப் பக்கத்திலேயே கல்யாணம் நடந்தது. எங்கள் தங்கச்சிக்கு அந்த வருஷம் வேறு வரன் வரவில்லை. பரிசத் தட்டு திரும்பிப்போன வீடு என்று பேராகிவிட்டது. என் ஊர்ப் பெரியவர்கள், அன்று சிரித்த அதே வாயால், பெண்ணிடம் ஏதோ குறை இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வீட்டில் இருந்தேன். முதல் நாள் பகலில் தங்கச்சி கிணற்றடியில் வீட்டு இரும்பையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிவாள், மண்வெட்டி, கோடாலி, அரிவாள்மனை, உலக்கைப் பூண். பக்கத்தில் ஊறவைத்த புளி, செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. எங்கள் பக்கத்தில் துருவோடு ஒரு சாமானைச் சாமி முன்னால் வைக்கமாட்டார்கள். அது வீட்டுக்கு மூதேவியைக் கூப்பிடுகிற காரியம். வைக்கோலைச் சுருட்டிப் புளியில் தோய்த்து, பொடியில் ஒற்றி, அரிவாளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அவங்க கத்தியை நான் சரியா வெளக்கலைன்னுதானே வேணாம்னு போனாங்க?"

பீடியை ஒரு இழுப்பு இழுத்தேன். அவள் அரிவாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வெளியே சொல்லலை. கதவுக்குப் பின்னால கறுப்பு, எழுத்துன்னு அரைகுறையாத்தான் கேட்டுச்சு. எனக்குத் தெரியும். வெளக்கத் தெரியாத பொண்ணுன்னு என்னைச் சொல்லிறக் கூடாதுன்னுதானே பழியை அவங்க மேல போட்டீங்க? ஆனா நான் சும்மா வெளக்கலைண்ணே. போன வருசப் பூசைக்கு ரெண்டு நாளு தேய்ச்சேன். புடி கழண்டு வந்துருச்சு, உள்ள பாத்தாக் கன்னங்கரேல்னு அம்புட்டுத் துரு. இப்படியா வச்சிருப்பாங்கன்னு அழுகையா வந்துச்சு. கையெல்லாம் புண்ணு. பூராத்தையும் எடுத்துட்டேன். அந்த எழுத்துக்குள்ள இருந்தது மட்டும் வரலை. ஊசியை விட்டு நோண்டிக்கூடப் பாத்தேன்."

பீடி விரலைச் சுட்டது. அப்போதுதான் அவர் விரல் நுனியில் பார்த்த செம்பொடி எனக்குப் புரிந்தது. அவர் உள்கதவைத் திரும்பிப் பார்த்ததும் புரிந்தது. 'உங்க வீட்டுப் பெண் துருவைத் தேய்த்துவிட்டாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் பிழைத்திருக்கும். பரிசத்தன்று, நாலு பேர் நடுவில், அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றம் விழுந்திருக்கும். பழியை அவர் வாங்கிக்கொண்டு போனார். அந்த நன்றியை இவள் ஒரு வருஷமாக எனக்குச் செலுத்திக்கொண்டிருக்கிறாள்.

பொய்க்காரர்களைத் தேடிச் சட்டைப் பையில் துளையாணியோடு அலைந்தவன் நான். உன்னால் ஒன்றும் இல்லை தாயி, அது நான் செய்தது என்று சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மட்டும் முனகினேன். அதையும் அவள் என் நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அரிவாளைத் தண்ணீரில் அலசி, முந்தானையால் ஈரம் ஒற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. எங்கயாச்சும் துரு இருக்கா?"

வாங்கினேன். கைப்பிடியில் தொடங்கி நுனிவரைக்கும், திருப்பிப் போட்டு மறுபடி நுனியிலிருந்து கைப்பிடிவரைக்கும், ஒரு விரற்கடை விடாமல் பார்த்தேன். அவள் பயந்த முகத்தோடு காத்திருந்தாள்.

"இல்ல" என்றேன்.